கோனா ஏர்போர்ட்டுக்குச் சுவர் வேண்டாம்

ஹவாயின் பெரிய தீவில் இருக்கும் கோனா விமான நிலையத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு ஏர்போர்ட்டா, பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்கு" என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். குடில்களைப் போலச் சரிந்த கூரைகள், பெரும்பாலான இடங்களில் சுவரே கிடையாது, விமானத்துக்குக் காத்திருக்கும்போது மேலே காற்று படும், கூப்பிட்டதும் வெயிலில் நடந்து போய் ஏற வேண்டியதுதான். இதில் என்ன குறை?

ஏதோ டூரிஸ்ட்டுகளை மயக்குவதற்காக இப்படிக் கட்டியதாகச் சிலர் நினைக்கிறார்கள், ஆனால் அந்த இடத்துக்கு அதுதான் பொருந்தும். கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மௌனா கீ, மௌனா லோவா என்ற இரண்டு பெரிய மலைகளும் மறித்துவிடுவதால் தீவின் அந்தப் பக்கம் ஹிலோவில் மழை கொட்டித் தீர்க்க, இந்தப் பக்கம் வருஷம் முழுக்க வெயில். அதனால் தலைக்கு மேல் கூரை இருந்தால் போதும். வடக்கே கொஹாலா கரையில் ரிசார்ட்டுகள் வரிசையாக முளைத்ததற்கும் இதே வெயில்தான் காரணம்.

ஓடுபாதை இருப்பதே எரிமலைக் குழம்பின் மேல். 1801-இல் ஹுவாலாலாய் எரிமலை வெடித்து வழிந்த குழம்பு உறைந்த கரும்பாறையை வெடி வைத்துச் சமப்படுத்தி, 1970-இல் திறந்தார்கள். முதல்முறை வருகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், தென்னந்தோப்பு எங்கே, இது என்ன கரிக்காடு என்று திகைத்துப்போவார்கள். 1986-இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த எலிசன் ஒனிசுகா இந்தக் கோனா பக்கத்துக்காரர், இப்போது நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

சரி, கஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. நாலைந்து விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் நேரத்தில் வரிசை நீளும், புழுங்கும், கைக்குழந்தையோடு நிற்பவர்கள் பாடு திண்டாட்டம். சுவர் இல்லையே தவிர கெடுபிடிக்குக் குறைச்சல் இல்லை. அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போகிறவர்களின் பைகளை வேளாண் துறை தனியாகச் சோதிக்கும், ஆசையாக வாங்கிய மாம்பழம் அதோடு சரி (அன்னாசி போகும், கவலை வேண்டாம்).

கூட்டம் கூடினால் தாராளமாகப் பெரிதாக்கட்டும். இன்னும் கொஞ்சம் கூரை, மின்விசிறி, உட்கார நாற்காலி போட்டால் முக்கால்வாசிப் புகார் அடங்கிவிடும். கண்ணாடிச் சுவர் எழுப்பி ஏசி போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், அமெரிக்காவிலேயே மின்கட்டணம் அதிகமான மாநிலம் எது என்று ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.