வேர்க்கடலை வெண்ணெயை முகர்ந்தால் அல்சைமர் என்ற மறதி நோய் தெரிந்துவிடுமா?

“கண்ணை மூடிக்கொண்டு வேர்க்கடலை வெண்ணெயை முகருங்கள், இடது நாசியில் வாசனை தெரியாவிட்டால் அல்சைமர்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

முழுக்கக் கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது. 2013இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. 14 கிராம் வேர்க்கடலை வெண்ணெய், ஒரு ஸ்கேல், அவ்வளவுதான் கருவி. ஒரு நாசியை மூடச் சொல்லி, டப்பாவை 30 செ.மீ. தூரத்திலிருந்து ஒவ்வொரு செ.மீ.யாக மூக்கருகே நகர்த்தினார்கள். அல்சைமர் நோயாளிகளுக்கு இடது நாசியில் வாசனை தெரிய, டப்பா வலதைவிட இன்னும் கிட்டே வரவேண்டியிருந்தது. ஆனால் 2014இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் சோதித்தபோது இடது, வலது வித்தியாசம் வரவே இல்லை. இந்தப் பாதியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

நரம்பியல் டாக்டரும் முகரச் சொல்வதுண்டு. வாசனையை மூளைக்குக் கொண்டுபோகும் முதல் மூளை நரம்புக்கான சோதனை அது. முதலில் மூக்கடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் காப்பித்தூள், கிராம்பு மாதிரி பழகிய வாசனை. அம்மோனியா உதவாது, அதன் நெடி முகத்தின் உணர்வு நரம்பைத் தூண்டுவதால், வாசனையே தெரியாதவர்கூடத் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்.

அல்சைமர், பார்க்கின்சன் நோய்களில் முகரும் திறன் குறைவது உண்மைதான். சளி, சைனஸ், கோவிட், தலையில் அடி, முதுமை இவற்றாலும் குறையும். மறதிதான் கவலை என்றால், டாக்டரிடம் நினைவுத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.