ஈயம் பிடிக்காத சோல்டரிங் அயனை ஏன் விற்கிறீர்கள்?

"மாமா, என் கைதான் சரியில்ல போல."

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் தங்கை மகன் இப்படிச் சொன்னான். அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

பையன் இங்கே மலேசியாவில் படிவம் இரண்டு படிக்கிறான். ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துக்கு, இருட்டினால் தானாக எரியும் சின்ன விளக்கு ஒன்று செய்ய வேண்டும். வெளிச்சத்தை உணரும் ஒரு எல்டிஆர், ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு எல்இடி, ஒரு பேட்டரி. மொத்தமே பதினைந்து இடத்தில்கூட ஈயத்தை உருக்கி வைத்து ஒட்ட வேண்டியதில்லை. அவன் அப்பா ஆன்லைனில் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சோல்டரிங் அயன், அதாவது ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோல், வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் '60 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிடியில் 200 முதல் 450 வரை எண் குறித்த ஒரு திருகு.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டே நாளில் முனை கரியாகக் கறுத்திருந்தது. ஈயக் கம்பியை வைத்தால் சேப்ப இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு மேசையில் விழுகிறது. பையன் திருகை 450 வரைக்கும் திருப்பினான். ஈயம் பிடிக்கவில்லை. அப்புறம் முனையை வைத்து அழுத்தினான். அழுத்த அழுத்த, போர்டில் இருந்த செம்பு வட்டம் புண்ணின் பொருக்கு மாதிரி உரிந்து வந்துவிட்டது. பள்ளியில் கொடுத்த போர்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்த வார்த்தையைச் சொன்னான்.

நான் செம்பனை ஆலையில் மின்சாரப் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். அந்த அயனை அங்கேயே கழற்றினேன். ஹீட்டருக்குப் போவது இரண்டே வயர். சூட்டை அளக்க உள்ளே எதுவுமே இல்லை. காற்றாடி ரெகுலேட்டரில் இருக்கிற மாதிரி கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு துண்டு போர்டு, அவ்வளவுதான். முனை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அந்தத் திருகுக்குத் தெரியவே தெரியாது. பிறகு எந்த தைரியத்தில் அதன் மேல் 350, 400 என்று எண் அச்சடிக்கிறார்கள்? இதைப் பொய் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

முனையில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல முனை என்றால் உள்ளே செம்பு, மேலே இரும்பு முலாம் இருக்கும். சூட்டைக் கொண்டு வருவது செம்பு. உருகிய ஈயத்தில் இருக்கும் தகரம் அந்தச் செம்பைக் கரைத்துத் தின்றுவிடாமல் காப்பது இரும்பு. இவர்கள் விற்றது மேலே பளபளப்பு பூசிய வெறும் செம்பு. போதாததற்கு, பையனின் நண்பன் சொன்னான் என்று உப்புத்தாளால் தேய்த்தும் இருக்கிறான். அவனை எப்படித் திட்டுவது? பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வந்தது பிளக்கைப் பார்த்துதான். இரண்டு பின்! நம் வீட்டில் மூன்று துளை, 230 வோல்ட். பையன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? பேனாவை மேல் துளையில் குத்தி, மற்ற இரண்டு துளைகளை உள்ளே அடைத்திருக்கும் மூடியைத் திறந்து, இதைச் சொருகியிருக்கிறான். இந்த ஊரில் எல்லோரும் செய்கிறதுதான், நானும் சின்ன வயதில் செய்தேன். ஆனால் இது கையில் பிடித்து வேலை செய்கிற, நுனியில் உலோகம் இருக்கிற சாமான். எர்த் இல்லாமல் உள்ளே கரண்ட் கசிந்தால் அது முனைக்குத்தான் வரும். போர்டில் இருக்கிற டிரான்சிஸ்டர் போனால் இரண்டு வெள்ளிக்குள் வேறு வாங்கலாம். பிள்ளைக்கு ஏதாவது ஆனால்?

சரி, ஆன்லைன் வேண்டாம், கடையில் வாங்கலாமே என்பீர்கள். நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டம். டவுனில் இருக்கிற ஹார்ட்வேர் கடையில் எலிப்பொறிக்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ரகம்தான் தொங்கும். போன வருடம் அதையும் வாங்கிப் பார்த்தேன். "வாரன்டி தாக் அடா, பாஸ்" (வாரன்டி கிடையாது) என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒன்பதாம் நாள் சூடாவது நின்றுபோனது. நல்லது வேண்டுமென்றால் ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டர் போக வேண்டும், இல்லை கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்கு ஒரு நாள் லீவு போட வேண்டும். தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு அப்பா எந்த நாளை விட்டுவிட்டுப் போவார்?

ஈயக் கம்பியிலும் இதே கதைதான். 63/37 கம்பி (63 சதவீதம் தகரம், 37 சதவீதம் ஈயம்) 183 டிகிரியில் உருகும். ஈயம் கலக்காத தகர-செம்புக் கம்பிக்கு 227 வேண்டும். புதிதாகப் பழகுகிறவனுக்கு இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பையனிடம் இருந்த சுருளில் எது எத்தனை சதவீதம் என்று ஒரு எழுத்து இல்லை.

யாராவது பிள்ளைக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். சூட்டை உண்மையிலேயே அளக்கும் சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை போட்ட மூன்று பின் பிளக் இருக்கட்டும். மாற்று முனை தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே தேடிப் பாருங்கள். 900எம் என்ற ரக முனை போடுகிற சோல்டரிங் ஸ்டேஷன் (சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியோடு வரும் அயன்) என்றால் முனைக்கு அலைய வேண்டாம். வீட்டில் 65 வாட் யூஎஸ்பி-சி லேப்டாப் சார்ஜர் இருந்தால் அதில் ஓடும் பைன்சில் என்ற அயன் மாதிரியானதையும் பார்க்கலாம், ஆனால் சாதாரண போன் சார்ஜரில் போட்டால் அதுவும் திணறும். அப்புறம், ஊசி முனை வேண்டாம். உளி மாதிரி தட்டையான முனைதான் சூட்டைச் சீக்கிரம் கடத்தும்.

மறுநாள் வேலை முடிந்து என் பழைய ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். 350இல் வைத்தேன், தட்டை முனை. உரிந்த இடத்துக்கு ஒரு துண்டு வயர் போட்டுக் கொடுத்தேன், மீதியெல்லாம் அவனே செய்தான். பாகத்தின் காலை முனையால் தொட்டு, ஈயத்தைக் காட்டி, இரண்டு மூன்று வினாடிதான். ஈயம் தானாகவே காலைச் சுற்றி ஏறிப் பளிச்சென்று நின்றது. முதல் மூன்றுதான் கொஞ்சம் தடுமாற்றம். நான்காவதை என்னைவிட சுத்தமாக வைத்தான். கையில் என்ன குறை? எட்டு மணிக்கு ஹால் விளக்கை அணைத்தோம், எல்இடி எரிந்தது.

அந்த 12 வெள்ளி அயனை பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான், சும்மா கிடக்கிறதே என்று. கொடுக்கவில்லை. வயரைப் பிளக்கோடு சேர்த்து வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.