விண்ணப்ப எண்ணிக்கை வெற்றிக்கு அளவுகோல் அல்ல

அரசுச் சான்றுகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கும் இ-சேவை பற்றிய ஒரு கட்டுரை, அதில் விண்ணப்பங்கள் பெருகியதையே வெற்றி என்கிறது. வருமானச் சான்று வாங்க வேறு வழியே இல்லாதபோது, பயன்படுத்துவோர் எண்ணிக்கை எதை நிரூபிக்கும்? தகவல் அமைப்புகளின் வெற்றியை அளக்க ஆய்வாளர்கள் டிலோனும் மெக்லீனும் 1992இல் தந்த மாதிரியிலேயே பயன்பாடு ஆறு கூறுகளில் ஒன்றுதான். 2003இல் சேவைத் தரத்தையும் சேர்த்தார்கள்.

முதலில் நேரத்தை அளக்க வேண்டும்: விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என ஒவ்வொரு மேசையிலும் மனு எத்தனை நாள் கிடந்தது என்று தனித்தனியாக. சராசரி ஏமாற்றும். 9 மனு 2 நாளிலும் ஒன்று 60 நாளிலும் முடிந்தால் சராசரி 7.8 நாள். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் பொருந்தாத எண் அது! நடு மதிப்பையும் (நாள் கணக்கை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), மிகத் தாமதமான 10 சதவீத மனுக்களையும் பாருங்கள்.

பெரிய ஓட்டை நிராகரிப்பில் இருக்கிறது. 'ஆவணம் தெளிவில்லை' என்று தள்ளிவிட்டால் மனு கெடுவுக்குள் முடிந்ததாகக் கணக்கு. ஆள் திரும்ப விண்ணப்பித்தால் புது எண், நாள் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து. ஒரே கேன் எண்ணில் (இ-சேவையில் விண்ணப்பதாரரின் அடையாள எண்) அதே சான்றுக்கு 30 நாளுக்குள் வந்த மனுக்களை ஒன்றாகச் சேர்த்து, முதல் மனு நாளிலிருந்து எண்ண வேண்டும். கெடு முடியும் தறுவாயில் நிராகரிப்பு திடீரென்று கூடுகிறதா என்பதையும் தேதிவாரியாகப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் குட்டு அங்கேதான் உடையும்.