டே கேர் கட்டணம் எங்கள் ஆடம்பரச் செலவு இல்லை

பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டே கேர் கட்டணத்துக்கு அரசு உதவ வேண்டுமா என்ற விவாதத்தில் ஒருவர் பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பெற்றது நீங்கள், வளர்க்க அரசாங்கம் எதற்குப் பணம் தரணும்?" என்றார். அரங்கமே கைதட்டியது. அவர் பேசியதைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு அதிகம் வலித்தது.

டே கேர் கட்டணம் வேலைக்குப் போவதற்கு ஆகும் செலவு. அதைக் கட்டினால்தான் நான் அலுவலகம் போக முடியும், சம்பளம் வாங்க முடியும், அரசுக்கு வரி கட்ட முடியும். வருமான வரியின் பழைய முறையில் பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு தருகிறார்கள். பள்ளிக்குப் போகிற வயது வரும்வரை பிள்ளை யார் கையில் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லையா?

"அதுதான் சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50தான். சரி, சின்னத் துணிக்கடையிலும் ஆடிட்டர் ஆபீசிலும் வேலை பார்க்கிறவள் எங்கே போவாள்? ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இல்லாத இடங்களில் விடுப்புச் சம்பளமும் முதலாளி தலையில்தான் விழுகிறது. அரசு தன் பங்குக்கு எதுவும் போடாமல் எல்லாவற்றையும் முதலாளிகள் மேல் ஏற்றினால், பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிப்பார்கள். ஒரு நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பதுதான். அதே சமயத்தில் என் கணவரும் வேலை தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு இடத்திலும் இதைக் கேட்கவில்லை.

அங்கன்வாடி இருக்கிறதாம். 1975இலிருந்து அந்தப் பெண்கள் செய்யும் வேலைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் அது நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக ஆரம்பித்தது இல்லை. அதற்காக 2022இல் மத்திய அரசின் பெண்கள் நலத் திட்டமான மிஷன் சக்தியின் கீழ் 'பால்னா' காப்பகங்கள் வந்தன. நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். எட்டு மணி நேர வேலையும் பஸ் பயணமும் அதற்குள் எப்படி அடங்கும்?

பிள்ளை இல்லாதவர்களின் வரிப்பணம் என்று ஒருவர் வருவார். இந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு வரி கட்டப்போகிறார்கள், அவருக்கும் சேர்த்து.

அரசுக்கு இந்தக் கஷ்டம் தெரியாமல் இல்லை. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள். முதல் 365 நாள் முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். தன் ஊழியர் என்றால் புரிகிறது. நாங்கள் கேட்டால் மட்டும் சோம்பேறிகளா?

அப்புறம் அந்த "பாட்டி இல்லையா?" இருக்கிறார். மூட்டுவலியோடு என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். அவர் ஒருத்தியை வளர்த்து ஆளாக்கிவிட்டார். மறுபடியும் எத்தனை வருஷம், யாருக்காக? அந்த உழைப்புக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அதனால்தான் செலவே இல்லை என்று உங்களால் சொல்ல முடிகிறது.

பாட்டியும் இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? என்னோடு படித்தவள் போன வருஷம் வேலையை விட்டாள். கணவரைவிட அவளுக்குத்தான் சம்பளம் அதிகம். இருந்தும் யார் விடுவது என்று அந்த வீட்டில் ஒரு பேச்சுகூட நடக்கவில்லை.