எரிகோவின் மண்ணைப் பேச விடுங்கள்

நேற்று நம் சபைக் குழுவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். இரவு தூக்கமே வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் எக்காளம் ஊதி ஏழு முறை சுற்றியதும் இடிந்து விழுந்ததாக வேதம் சொல்லுமே, அந்த "எரிகோவின் மதில் கிடைத்துவிட்டது" என்று ஒரு படம் சுற்றுகிறதே, அது மதிலே இல்லை. அகழாய்வாளர் கேத்லீன் கென்யன் 1952 முதல் 1958 வரை, பழைய எரிகோ புதைந்திருக்கும் தெல் எஸ்-சுல்தான் மேட்டைத் தோண்டியபோது வெளிவந்த கல் கோபுரம். எட்டரை மீட்டர் உயரம், உள்ளே 22 படிகள். கி.மு. 8000 வாக்கில் கட்டியது. யோசுவாவுக்கு ஆறாயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தையது. இதை மட்டும்தான் சொன்னேன். "படிப்பு ஏறியதும் விசுவாசம் இறங்கிவிட்டது" என்று பதில் வந்தது.

என்னிடமா இதைச் சொல்கிறீர்கள்? ஓய்வுநாள் பள்ளியில் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக்கொண்டு கோயிலை ஏழு முறை சுற்றி வந்தவன் நான். ஏழாவது சுற்றில் முகப்பில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் சரிந்தன. மதிலைக் குறிக்கும் அலங்கம் என்ற சொல்லையே அன்றுதான் கற்றேன். கதவுக்குப் பின்னால் வாத்தியார் கயிற்றை இழுத்ததையும் பார்த்தேன். அதனால் யோசுவாவின் மேல் இருந்த ஆசை ஒரு துளிகூடக் குறையவில்லை.

எரிகோவுக்குப் பொய் தேவையில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

1930களில் ஜான் கார்ஸ்டாங் என்ற அகழாய்வாளர் இடிந்த மதிலொன்றைக் கண்டு, இது யோசுவா காலத்தது என்றார். மனமறிந்து பொய் சொன்னவரில்லை. பிறகு கென்யன் இன்னும் கவனமாக அடுக்கு அடுக்காகத் தோண்டிப் பார்த்தபோது, அந்த மதில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது என்று தெரிந்தது. கடைசிப் பெரிய அழிவு கி.மு. 1550 வாக்கில் என்றார் அவர்.

"தொல்லியலாளர் பிரையன்ட் வுட் 1990இல் அதை மறுத்தாரே" என்பீர்கள். சரி, மறுத்தார். பானை ஓடுகளை வைத்து அழிவு கி.மு. 1400 வாக்கில், அதாவது யோசுவா காலத்தில் என்றார். ஆனால் அந்த அழிவில் கருகிய தானியத்தின் வயதைச் சொல்லும் கரிமக் கணிப்பு 1995இல் வந்தது. அது கி.மு. 16ஆம் நூற்றாண்டைத்தான் காட்டியது. "மேல் அடுக்கு மழையில் அரித்துப் போயிருக்கலாமே?" போயிருக்கலாம், மேடு நிறைய அரித்திருப்பதைக் கென்யனே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். கிடைத்துவிட்டது என்று ஏன் சொல்கிறீர்கள்?

இன்னொரு பக்கம், "அப்போ வேதமே கட்டுக்கதைதானே" என்று உள்பெட்டியில் வந்து கொண்டாடியவர்களே, உங்களுக்காகவும் நான் எழுதவில்லை.

எனக்கு வலிப்பது வேறு. 1953இல் அதே மேட்டில் ஏழு மண்டையோடுகள் கிடைத்தன. சாந்து பூசி, மூக்கும் கன்னமும் பிடித்து, கண் இருந்த இடத்தில் கிளிஞ்சல் பதித்தவை. ஒன்பதாயிரம் ஆண்டுக்கும் முன்னால் யாரோ தன் வீட்டு மனிதரின் முகத்தை மறக்க மாட்டேன் என்று கையால் பிசைந்து செய்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். அம்மா போனபின் அப்பா அவருடைய மூக்குக்கண்ணாடியை ஒவ்வொரு நாளும் ஜெபத்துக்கு முன் வேட்டி முனையால் துடைத்து, வேதப்புத்தகத்தின் மேல் வைப்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எரிகோ மண் இதையெல்லாம் நமக்குக் கொடுத்திருக்கிறது. 2023இல் யுனெஸ்கோ அந்த மேட்டை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அன்றைக்கு நம் குழுவில் ஒருவர்கூட அதைப் பகிரவில்லை. பொய்ப் படம் மட்டும் ஒரே நாளில் எல்லார் வீட்டுக்கும் போய்விட்டது.

"ஊழியத்துக்குத் தடையாக நிற்காதே" என்று எழுதிய அண்ணனுக்கு: உங்களுக்கு எதிராக ஒரு வார்த்தையும் நான் பேசவில்லை. என் பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களே தேடிப் படித்து, நாம் அனுப்பியது பொய் என்று கண்டுபிடித்தால், நாம் சொன்ன மற்றதையும் சந்தேகப்பட மாட்டார்களா?

படம் இன்னும் குழுவில்தான் இருக்கிறது. நீங்களே எடுத்துவிடுங்கள் அண்ணா.