இழுவைத்திறன் மட்டும் இல்லை, டிரெய்லரும்தான்

பண்ணை பிக்கப்பின் (பின்னால் திறந்த தொட்டி உள்ள சிறு லாரி) வரலாறு பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதைக் குதிரைத்திறன் கூடிய கதையாகவே அந்தக் கட்டுரை சொல்லிவிட்டது. 1925-ல் ஃபோர்டு மாடல் டி பிக்கப் வந்தபோது 20 குதிரைத்திறன், 1989 மாடல் டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் டீசல் இன்ஜினுக்கு 160. சரி, உண்மைதான். ஆனால் ஏற்றிச் செல்லப்படும் மாட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய மாற்றம், பிக்கப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர்தான்.

முன்பு பிக்கப்பின் பின்தொட்டியைச் சுற்றி மரத்தட்டி அடைத்து ஒன்றிரண்டு மாடுகளை ஏற்றுவார்கள். அவ்வளவு உயரத்தில் நிற்கும் மாடு வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியே ஆடும். ஏற்றுவதற்குச் சாய்தளமோ மண்மேடோ வேண்டும். அது இல்லாத இடத்தில் மாட்டோடு மல்லுக்கட்டுதான்!

டிரெய்லரின் தரை தாழ்வு, மாடு தானே கால் வைத்து ஏறிவிடும். அதிலும் வாத்துக் கழுத்துபோல வளைந்த இணைப்புள்ள கூஸ்நெக் வகை டிரெய்லரை பிக்கப்பின் பம்பரில் மாட்டுவதில்லை. பின்தொட்டிக்குள், கிட்டத்தட்ட பின் அச்சுக்கு மேலேயே மாட்டுவதால் பாரம் வண்டியை வால்போல ஆட்டுவது குறைகிறது. நடுத் தடுப்புக் கதவு இருந்தால் காளையையும் கன்றுகளையும் பிரித்தே ஏற்றலாம்.

அப்புறம் பிரேக். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் இறக்கத்தில் நிறுத்துவது பெரும்பாடு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?