கருவிழி மாற்றிய பிறகும் கவனம் வேண்டும்

கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் படலம் (கார்னியா), அதை மாற்றும் அறுவை சிகிச்சை செய்தால் பார்வை திரும்பிவிடும் என்று உங்கள் கட்டுரையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதற்கப்புறம்தான் கதையே இருக்கிறது. என் அம்மாவுக்குக் கருவிழியை முழுத் தடிமனுக்கும் மாற்றி 16 தையல் போட்டார்கள், தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையில். ஒன்றரை வருடம் கழித்து அதில் ஒன்று தளர்ந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்தியது. "தூசியா இருக்கும்" என்று முந்தானையைச் சுருட்டி, ஊதி ஊதி இரண்டு நாள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கண் சிவந்து, டியூப்லைட் வெளிச்சம்கூடக் கூசியது. தளர்ந்த தையல் வழியாகக் கிருமி புகலாம், புதுத் திசுவை உடம்பு நிராகரிக்கவும் ஆரம்பிக்கலாம். அம்மாவுக்கு நடந்தது இரண்டாவது. தையலை எடுத்து, மணிக்கொரு தரம் ஸ்டீராய்டு சொட்டு விட்டுக் காப்பாற்றினார்கள்.

கருவிழியில் ரத்தக் குழாய் இல்லாததால் மற்ற உறுப்புகளைவிட நிராகரிப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் பல வருடம் கழித்தும் வரலாம். சிவப்பு, வலி, கூச்சம், மங்கல் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்த ஸ்டீராய்டு சொட்டே அம்மாவுக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிட்டது, அது தனித் தலைவலி. இப்போது அதற்கும் ஒரு சொட்டு மருந்து. மாறிப்போகாமல் இருக்க அந்தப் பாட்டிலில் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறார்.